மேக் இன்ஸ்டால் செய்த நாகியோஸை வேரோடு எடுத்தது

உபுண்டுவில் ஆப்ட் வழியாகப் போட்ட மென்பொருளை எடுப்பது ஒரு வரி வேலை. பர்ஜ் என்று சொன்னால் கான்ஃபிக் ஃபைல்களோடு சேர்ந்து போய்விடும். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கு ஆப்டுக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜியிடம் இருக்கிறது. சோர்ஸை இறக்கி, கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று கையால் ஏற்றியதற்கு அப்படிக் கணக்குப்பிள்ளை கிடையாது. ஏற்றியவருக்கு ஞாபகம் இருந்தால் உண்டு. அவரும் வேலை மாறிப் போய்விட்டால் சர்வரையே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் இருந்தது சர்வர்களைக் கண்காணிக்கும் மென்பொருளான நாகியோஸ் கோர் 4.2.1. உபுண்டு 16.04 காலத்தில் யாரோ ஏற்றியது. சர்வர் பிறகு 18.04, 20.04 என்று மேலே போனது. நாகியோஸ் மட்டும் போட்ட இடத்திலேயே நின்றது. குறை சொல்ல மாட்டேன், பல வருடம் ஒழுங்காக உழைத்தது. கண்காணிப்பு ப்ரோமிதியஸுக்கு மாறிய பிறகும் பழசு ஒரு மூலையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாதுகாப்புத் தணிக்கைக்கு வந்தவர்கள் கொடுத்த அறிக்கையில் 5666 போர்ட் திறந்திருக்கிறது, நாகியோஸ் பழைய பதிப்பு என்று இரண்டு வரிகள் சிவப்பில் வந்தன. அதன் பிறகுதான் கை வைத்தோம்.

பழைய பதிப்பு என்ற வரி சும்மா பயமுறுத்தலும் இல்லை. 4.2.4க்கு முந்தைய நாகியோஸ் கோரில், லாக் ஃபைலைத் திறக்கும் விதத்தில் ஒரு ஓட்டை இருந்தது. நாகியோஸ் கணக்கு கையில் கிடைத்தவர், லாக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிம்லிங்க்கை (வேறொரு ஃபைலைச் சுட்டும் இணைப்பை) வைத்து, சர்வரில் முழு அதிகாரம் உள்ள ரூட் ஆகிவிடலாம். சிவிஇ-2016-9566 என்று தேடினால் விவரம் கிடைக்கும்.

டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்: "அண்ணா, /யூஎஸ்ஆர்/லோக்கல்/நாகியோஸ் டைரக்டரிய அழிச்சிட்டாப் போதாதா?" நியாயமான கேள்விதான். நாகியோஸ் தன் சொந்தச் சாமான்களில் பெரும்பாலானவற்றை அந்த ஒரு டைரக்டரிக்குள்தான் வைக்கிறது: பைனரி, கான்ஃபிக், சோதனைகளைச் செய்யும் ப்ளகின்கள், வெப் பக்கங்கள், லாக் எல்லாம் அங்கேயே. வெளியே இருப்பது நாம் அதற்குக் கொடுத்த அனுமதிகள். ஒரு யூசர், ஒரு குரூப், ரூட்டாகக் கட்டளை ஓட்டும் சூடோ உரிமை, ஃபயர்வாலில் ஒரு வழி, அப்பாச்சியில் ஒரு பக்கம், டேட்டாபேஸில் ஒரு கணக்கு, மற்ற சர்வர்களில் ஒரு எஸ்எஸ்எச் சாவி. டைரக்டரியை அழித்தால் ஆள் போய்விடுவான், அவனுக்குக் கொடுத்த சாவிக்கொத்து ஊரெல்லாம் அப்படியே இருக்கும்.

முதலில் அலர்ட்டை நிறுத்தினோம். கிளையன்ட் சர்வர்களில், 5666 போர்ட்டில் காத்திருந்து நாகியோஸ் கேட்கும் சோதனைகளை ஓட்டும் என்ஆர்பிஇயை எடுக்க ஆரம்பித்தவுடன் மைய நாகியோஸ் ஒவ்வொன்றாகச் செத்துவிட்டது என்று எல்லோருக்கும் எஸ்எம்எஸ் அனுப்பத் தொடங்கும். வெப் பக்கத்தில் நோட்டிஃபிகேஷனை மொத்தமாக அணைக்க ஒரு வசதி உண்டு. அதை அணைத்துவிட்டு ஒரு மாதக்கடைசி வரை நாகியோஸையும் ப்ரோமிதியஸையும் சேர்த்து ஓட விட்டோம். மாதக்கடைசி ஏன் என்றால், சம்பளம், பில்லிங், பேக்கப் என்று எங்கள் சர்வர்கள் மூச்சு வாங்குவது அப்போதுதான். ப்ரோமிதியஸ் எதையாவது கவனிக்கத் தவறினால் அந்த நாட்களில் தெரிந்துவிடும்.

அடுத்தது கணக்கெடுப்பு. இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த வித்தை இருக்கிறது. பழைய சோர்ஸ் டைரக்டரி ரூட்டின் ஹோமில் அப்படியே கிடந்தது. நாகியோஸ் கோருக்கு மேக் அன்இன்ஸ்டாலை நம்பி இறங்க வேண்டாம். அதற்குப் பதிலாக, அதே சோர்ஸ் டைரக்டரியில் நின்று டெஸ்ட்டிர் என்ற மாறிக்கு ஒரு தற்காலிக டைரக்டரியின் பெயரைக் கொடுத்து மேக் இன்ஸ்டாலை இன்னொரு முறை ஓட்டலாம். இன்ஸ்டால் இனிட், இன்ஸ்டால் கமாண்ட்மோட் போன்றவற்றையும் அப்படியே ஓட்டினால், உண்மையான சர்வரைத் தொடாமல் எல்லா ஃபைலும் அந்தத் தற்காலிக இடத்தில் போய் விழும். அதன் மேல் ஃபைண்டை ஓட்டினால் முழுப் பட்டியல் கையில். ஆப்ட் வைத்திருக்கும் கணக்கை நாமே பின்னால் இருந்து எழுதுவது போல.

இதற்கு இரண்டு நிபந்தனைகள். கன்ஃபிகருக்குப் பழையவர் கொடுத்த அதே தேர்வுகள் வேண்டும். அவை சோர்ஸ் டைரக்டரியிலேயே கன்ஃபிக்.லாக் ஃபைலின் ஆரம்ப வரிகளில் எழுதப்பட்டிருக்கும். எங்களுடையதில் கமாண்ட் குரூப் நாகியோஸ் அல்ல, நாக்சிஎம்டி என்று தனியாக வைத்திருந்தது அங்கேதான் தெரிந்தது. இரண்டாவது, ஃபைல்களை நாகியோஸ் யூசரின் பெயரில் வைப்பதால் அந்த யூசர் அப்போது உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே யூசரை அழிப்பதை ஆரம்பத்தில் செய்யக் கூடாது. சோர்ஸ் டைரக்டரி இல்லையென்றால், பைனரியிடமே பதிப்பு எண்ணைக் கேட்டுவிட்டு அதே பதிப்பை இறக்கிக்கொள்ளலாம். நாகியோஸ் ப்ளகின்கள் விஷயம் வேறு. அது ஆட்டோமேக்கில் கட்டியது, மேக் அன்இன்ஸ்டால் அதில் வேலை செய்யும். ஆனால் நாமாக எழுதிப் போட்ட ப்ளகின்கள் அதற்குத் தெரியாது, அவை அப்படியே கிடக்கும்.

பட்டியல் கிடைத்த பிறகு, யார் யார் அந்த டைரக்டரியை நம்பிப் பிழைக்கிறார்கள் என்று பார்த்தோம். /இடிசி, /ஆப்ட், /ஹோம் எல்லாவற்றிலும் நாகியோஸ் என்ற சொல்லையும் லிபெக்ஸெக் (ப்ளகின்கள் இருக்கும் டைரக்டரி) என்ற சொல்லையும் க்ரெப் போட்டுத் தேடினோம். இரவு டேட்டாபேஸ் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று மாட்டியது. டம்ப் எடுப்பதற்கு முன் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்க்க, அதை எழுதியவர் நாகியோஸின் செக்_டிஸ்க் ப்ளகினைக் கூப்பிட்டிருந்தார். புத்திசாலித்தனமான வேலைதான். நாகியோஸ் ப்ளகின்கள் எல்லாம் ஒரே மரபில் பதில் சொல்லும்: 0 என்றால் நலம், 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. ஸ்கிரிப்ட்டில் இருந்தது ஒரே ஒரு நிபந்தனை. பதில் 0 இல்லையென்றால் பேக்கப் எடுக்காமல் அமைதியாக வெளியே வந்துவிடு. ப்ளகினே இல்லாமல் போனால் ஷெல் 127 என்று சொல்லும். அதுவும் 0 இல்லை. அதாவது டைரக்டரியை அழித்த அன்று இரவிலிருந்து பேக்கப் நின்றிருக்கும், ஒரு எரர் மெயில்கூட வந்திருக்காது. அந்த வரியை, டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையை வைத்து மாற்றி எழுதிவிட்டுத்தான் மேலே போனோம்.

இப்போது நிறுத்தும் வேலை. சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கட்டளையான சிஸ்டம்சிடிஎல்லில் ஸ்டாப், டிஸ்ஏபிள் சொல்லிவிட்டு, ப்ராசஸ் பட்டியலில் நாகியோஸ் யூசரின் பெயரில் எதுவும் ஓடவில்லை என்று கண்ணால் பார்த்தோம். இதைச் செய்யாமல் டைரக்டரியை மட்டும் அழித்தால், பின்னணியில் ஓடும் டெமன் நினைவகத்திலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். அழித்த லாக் ஃபைலைப் பிடித்துக்கொண்டிருப்பதால் டிஸ்க் இடமும் திரும்பாது. எல்எஸ்ஓஎஃப்பில் டெலீட்டட் என்று காட்டும் ஃபைல்கள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான்.

நிறுத்தியாகிவிட்டது, சர்வீஸ் ஃபைலையும் நீக்கியாகிவிட்டது. டெமன்ரீலோட் கொடுத்துவிட்டுச் சந்தேகத்துக்கு ஸ்டேட்டஸ் கேட்டால், நாகியோஸ் சர்வீஸ் இன்னும் இருக்கிறது என்கிறது! பையன் என்னைப் பார்த்தான். ஸ்டேட்டஸின் இரண்டாவது வரியைப் படிக்கச் சொன்னேன். லோடட் என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குள் /இடிசி/இனிட்.டி/நாகியோஸ், ஜெனரேட்டட் என்று இருந்தது.

நடந்தது இதுதான். 4.2 காலத்து நாகியோஸ், சிஸ்டம்டிக்கு என்று எதையும் கொடுக்காது. மேக் இன்ஸ்டால் இனிட் சொன்னால் பழைய பாணியில் இனிட்.டிக்குள் ஒரு ஸ்கிரிப்ட்டை வைக்கும். உபுண்டு 16.04இல் அது சரியாக ஓடாமல் அடம் பிடித்ததால், அன்று பலரும் /இடிசி/சிஸ்டம்டிக்குள் கையால் ஒரு சர்வீஸ் ஃபைலை எழுதிப் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டார்கள். எங்கள் ஆளும் அதைத்தான் செய்திருக்கிறார். ஒரே பெயரில் இரண்டும் இருந்தால் சிஸ்டம்டி தன் சொந்த ஃபைலைத்தான் மதிக்கும், இனிட் ஸ்கிரிப்ட் மறைவில் கிடக்கும். நாம் சர்வீஸ் ஃபைலை எடுத்த நொடியில் மறைப்பு விலகுகிறது. சிஸ்டம்டி இனிட் ஸ்கிரிப்ட்டைப் பார்த்துத் தானாகவே ஒரு சர்வீஸை உண்டாக்கிக்கொள்கிறது. ஆர்சி டைரக்டரிகளில் அதைத் துவக்கும் லிங்க்குகளும் மிச்சம் இருந்தால் அடுத்த ரீபூட்டில் அது எழுந்து ஓடவும் செய்யும். எத்தனை வருடம் கழித்தும் "நான் சர்வீஸ் ஃபைலை அழித்தேனே, எப்படி வந்தது" என்று புலம்புபவர்கள் சிலரின் கதை இதுதான்.

இனிட் ஸ்கிரிப்ட்டை நீக்கி, அப்டேட்-ஆர்சி.டியில் ரிமூவ் கொடுத்து லிங்க்குகளையும் எடுத்து, மறுபடி டெமன்ரீலோட். அதற்கு மேல் ரீசெட்-ஃபெயில்டு கொடுத்தால் செத்த சர்வீஸின் பெயர் சிவப்பில் பட்டியலில் தொங்கிக்கொண்டிருப்பதும் போய்விடும். வரைபடங்களுக்காகப் போட்டிருந்த பிஎன்பி4நாகியோஸுக்கும் இனிட்.டியில் என்பிசிடி என்று ஒரு ஆள் இருந்தான், அவனுக்கும் அதே மரியாதை.

அப்பாச்சி பக்கம் வந்தால் அங்கே ஒரு கண்ணி. சைட்ஸ்-அவெய்லபிளில் உண்மையான ஃபைல், சைட்ஸ்-எனேபிள்டில் அதற்கு ஒரு சிம்லிங்க். உண்மை ஃபைலை மட்டும் அழித்துவிட்டு லிங்க்கை விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் அப்பாச்சிக்கு ஒன்றும் ஆகாது. அது நினைவில் உள்ளதை வைத்து ஓடும். அடுத்த முறை சர்வர் ரீபூட் ஆகும்போது, கான்ஃபிக் ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று சொல்லி எழவே மறுக்கும். அதே அப்பாச்சியில் வேறு நான்கு சைட்கள் ஓடினால் அவையும் சேர்ந்து படுத்துவிடும். அதனால் முதலில் ஏ2டிஸ்சைட், பிறகு ஃபைலை அழிப்பது, உடனே கான்ஃபிக்டெஸ்ட், அது சரி என்றால்தான் ரீலோட். நாகியோஸுக்காக எனேபிள் செய்த சிஜிஐ மாட்யூலை வேறு யாரும் பயன்படுத்தவில்லை என்று உறுதி செய்துவிட்டு அதையும் அணைத்தோம்.

டைரக்டரியை உடனே ஆர்எம் போடவில்லை. பெயரை மாற்றி ஓரமாக வைத்து, ரூட்டைத் தவிர யாரும் உள்ளே போக முடியாதபடி 700 ஆக்கினோம். இந்த 700 முக்கியம். லிபெக்ஸெக்குக்குள் செக்_ஐசிஎம்பி, செக்_டிஹெச்சிபி என்ற இரண்டு ப்ளகின்கள் செட்யூஐடி பிட்டோடு (யார் ஓட்டினாலும் ஃபைலின் உரிமையாளருடைய அதிகாரத்தோடு ஓட வைக்கும் குறி) ரூட் பெயரில் உட்கார்ந்திருக்கும். முதலாவதுக்கு ரா சாக்கெட் வழியாகக் கச்சா நெட்வொர்க் பாக்கெட்டுகளை அனுப்பவும், இரண்டாவதுக்கு 68 போர்ட்டைப் பிடிக்கவும் ரூட் உரிமை வேண்டும். டைரக்டரியின் பெயரை மாற்றினால் அந்தப் பிட் போய்விடாது. யாரும் அப்டேட் செய்யாத, யாருக்கும் நினைவில்லாத செட்யூஐடி பைனரியை சர்வரில் விட்டுவைக்க எனக்கு மனமில்லை.

இனி யூசர். இதற்கு ஏன் கடைசி இடம் என்றால், எங்கள் இன்னொரு சர்வரில் முன்பு யாரோ இதை முதலில் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். அங்கே எல்எஸ் போட்டால் நாகியோஸ் டைரக்டரியின் உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 1001 என்று வெறும் எண் நின்றது. லினக்ஸ் ஃபைலின் மேல் பெயரை எழுதி வைப்பதில்லை, எண்ணைத்தான் எழுதுகிறது. யூசரை அழித்தால் எண் அநாதையாக நிற்கும். அந்தச் சர்வரில் அதன் பிறகு ஒரு டெவலப்பருக்குக் கணக்குத் திறந்திருக்கிறார்கள். இருப்பதிலேயே பெரிய எண்ணுக்கு அடுத்ததைத்தான் யூசர்ஆட் கொடுக்கும், ஆக அவருக்குக் கிடைத்தது 1001. ஒன்றும் கேட்காமலே, டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகள் எழுதியிருந்த ரிசோர்ஸ்.சிஎஃப்ஜி உட்பட மொத்த நாகியோஸ் டைரக்டரிக்கும் அவர் உரிமையாளர் ஆகியிருந்தார். அவருக்கே அது தெரியாது.

ஆகவே வரிசை இப்படி: யூசர் இருக்கும்போதே அவர் பெயரிலும் அந்த இரண்டு குரூப்களின் பெயரிலும் உள்ள ஃபைல்களை முழு சர்வரிலும் ஃபைண்ட் வைத்துத் தேடி எடுப்பது. அவருடைய க்ரான்டாபைப் பார்ப்பது. சூடோவிடம் இந்த யூசருக்கு என்ன உரிமை என்று கேட்டு வைத்துக்கொள்வது. ஹோம் டைரக்டரி எது என்று கெட்எண்ட்டில் பார்ப்பது. இதெல்லாம் முடிந்த பிறகு யூசர்டெல். ஏதாவது ப்ராசஸ் மிச்சம் இருந்தால் அதுவே மறுத்துவிடும், நல்லதுதான். யூசரின் பெயரிலேயே உள்ள குரூப்பை மட்டும்தான் யூசர்டெல் எடுக்கும் என்பதால் நாக்சிஎம்டி குரூப்பைத் தனியாக க்ரூப்டெல் போட்டு எடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஃபைண்டின் நோயூசர், நோகுரூப் தேர்வுகளோடு ஒரு சுற்று. எதுவும் வராவிட்டால் சரி.

சூடோயர்ஸில் இருந்த வரியைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. நாகியோஸுக்கு எல்லாக் கட்டளையும், பாஸ்வேர்ட் இல்லாமல். ரெய்டு நிலையைப் பார்க்கும் ஒரு ப்ளகினுக்கு ரூட் தேவைப்பட்டிருக்கிறது, அதற்காகக் கதவையே கழற்றி வைத்திருக்கிறார்கள். யூசரை அழித்தால் இந்த வரி செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சூடோ பார்ப்பது பெயரை. நாளைக்கு யாராவது ஆப்ட் வழியாக நாகியோஸ்-என்ஆர்பிஇ-சர்வரைப் போட்டால், அந்தப் பேக்கேஜ் நாகியோஸ் என்ற அதே பெயரில் யூசரை உண்டாக்கும். பழைய வரி அந்த நொடியில் உயிர் பெறும். விசூடோவில் திறந்து நீக்கி, மைனஸ் சி கொடுத்து இலக்கணம் சரிபார்த்தோம்.

கிளையன்ட்களில் என்ஆர்பிஇ எடுப்பது இதன் சின்ன வடிவம்தான், திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில சர்வர்களில் கையால் ஏற்றியதும் ஆப்ட் வழியாக வந்ததும் இரண்டும் இருக்கலாம். 5666ஐ ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க, மற்றவர் தோற்றுப்போய்க் கிடப்பார். ஓடுகிற பைனரியின் பாதையை டிபிகேஜி மைனஸ் பெரிய எஸ்ஸிடம் கேட்டால், அது எந்தப் பேக்கேஜுக்குச் சொந்தம் என்று சொல்லும். சொந்தக்காரர் இல்லை என்றால் கையால் போட்டது. யூஎஃப்டபிள்யூவில் விதிகளை எண் சொல்லி நீக்குவதாக இருந்தால் கீழிருந்து மேலே வாருங்கள். ஒன்றை நீக்கியவுடன் மீதி எண்கள் நகர்ந்துவிடும், வேறு விதி போய்விடும். கிளவுட் சர்வர் என்றால் செக்யூரிட்டி குரூப்பிலும் அதே 5666 இருக்கும், அது சர்வருக்குள் எவ்வளவு தேடினாலும் தெரியாது.

சர்வருக்கு வெளியே இருந்தவைதான் அதிக நேரம் எடுத்தன. செக்_பை_எஸ்எஸ்எச் பயன்படுத்தியதால் மற்ற சர்வர்களின் ஆத்தரைஸ்டு_கீஸ் ஃபைல்களில் நாகியோஸின் பொதுச் சாவி இருந்தது. மைஎஸ்கியூஎல்லில் நாகியோஸ் என்ற பெயரில் கணக்குகள். நெட்வொர்க் ஸ்விட்ச்களில் எஸ்என்எம்பி கம்யூனிட்டி சொல். டிஎன்எஸ்ஸில் நாகியோஸ் பக்கத்துக்கு ஒரு பெயர், அந்தப் பெயருக்கு செர்ட்பாட் தவறாமல் புதுப்பித்துக்கொண்டிருந்த சான்றிதழ். அப்பாச்சி சைட்டை எடுத்த பிறகு அந்தப் புதுப்பித்தல் தோற்கத்தான் செய்யும், செர்ட்பாட் டெலீட் கொடுத்தால் முடிந்தது. எஸ்எம்எஸ் அனுப்பும் சேவையில் ஒரு ஏபிஐ சாவியும் முன்பணமும் இருந்தன. சாவியை ரத்து செய்வது எங்கள் வேலை. முன்பணத்தைத் திரும்ப வாங்குவது அக்கவுண்ட்ஸ் வேலை. முதல் வேலை அன்றே முடிந்தது.

இதற்கெல்லாம் வரைபடம் நாகியோஸின் சொந்தக் கான்ஃபிக்தான். கமாண்ட்ஸ்.சிஎஃப்ஜியில் ஒவ்வொரு கட்டளையையும் படித்து, இது ஓட என்ன அனுமதி தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்தால் வெளியே என்னென்ன திறந்திருக்கிறது என்று தானாகத் தெரியும். ஆகவே கான்ஃபிக்கை முதலில் அழிப்பவர்கள் இந்த வேலையை இருட்டில் செய்ய வேண்டியிருக்கும்.

எல்லாம் முடிந்ததும் நாமே நேரம் குறித்து ஒரு ரீபூட் கொடுப்பது நல்லது. இனிட் ஸ்கிரிப்ட், தொங்கும் சிம்லிங்க் போன்ற வில்லங்கங்கள் ரீபூட்டில்தான் வெளியே வரும். அது நாம் விழித்திருக்கும் நேரத்தில் வரட்டும். ரீபூட்டுக்குப் பிறகு எஸ்எஸ் வைத்து 5666இல் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று உள்ளிருந்து பார்த்து, வேறொரு சர்வரிலிருந்து என்மேப் வைத்து வெளியிலிருந்தும் பார்த்தோம். தோற்ற சர்வீஸ்களின் பட்டியல் காலி. அன்று இரவு பேக்கப்பும் வந்தது.

ஓரமாக வைத்த டைரக்டரியை அடுத்த மாதக்கடைசி தாண்டியதும் அழித்தோம். அழிப்பதற்கு முன் கான்ஃபிக்கையும், ஆர்க்கைவ்ஸில் இருந்த பழைய லாக்கையும் டார் செய்து, ஜிபிஜியில் பூட்டி, பேக்கப் சர்வருக்கு அனுப்பினோம். போன வருடம் எந்த லிங்க் எத்தனை மணி நேரம் படுத்திருந்தது என்று வாடிக்கையாளர் கேட்டால் பதில் அந்த லாக்கில்தான் இருக்கிறது. ரிசோர்ஸ்.சிஎஃப்ஜியை அந்த டாரில் சேர்க்கவில்லை. அதில் இருந்த பாஸ்வேர்டுகளில் இரண்டு, வேறு அப்ளிகேஷன்களும் பகிர்ந்துகொண்டிருந்தவை. அவற்றை மாற்றும் டிக்கெட் இன்னும் டெவலப்மென்ட் டீமிடம் இருக்கிறது.